ஸ்பிரிங் கட்டு செய்து கெப், ஜீப் தூக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் கெப்போ (பிக்கப்) ஜீப்போ ஓட்டுகிறவர்கள் கராஜில் வந்து நிற்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். முன்பக்கமும் பின்பக்கமும் பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய ஹைலக்ஸ், லேண்ட் ரோவர், வில்லிஸ் ரக ஜீப் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஒவ்வொரு தகடும் ஒரு பட்டை, எல்லாம் சேர்ந்தது கட்டு, முனை இரண்டையும் வளையமாகச் சுருட்டியது கண், அந்தக் கண் உள்ள மேல் பட்டை மெயின் பட்டை. இந்தச் சொற்களையே கடைசிவரை பயன்படுத்துகிறேன்.

அண்ணே, வண்டியத் தூக்கணும்னா பெரிய டயர் போட்டா போதாதா? ஸ்பிரிங்ல ஏன் கை வைக்கணும்?

டயர் தூக்குவது ஒன்று, ஸ்பிரிங் தூக்குவது இன்னொன்று. எக்சலும் அதன் நடுவில் கியர் இருக்கும் டிஃப் உருண்டையும் டயரின் உயரத்தைப் பொறுத்தவை. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃப் ஒரு மி.மீ. கூட மேலே போகாது. 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால் டிஃப் ஒன்றரை அங்குலம் உயரும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 31 அங்குல டயர் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி ஏறும்போது மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் வேண்டும். சேஸியும் படியும் பம்பரும் கல்லில் தட்டாமல் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது ஸ்பிரிங். தோட்டத்துக் கல் ரோட்டில் குறுக்கே வெட்டிய கான்தான் பெரும்பாலும் வண்டியின் மூக்கைப் பிடிக்கிறது. அங்கே ஸ்பிரிங் உயரம்தான் கைகொடுக்கும்.

ரெண்டு பட்டை கூடச் சேத்தா வண்டி தானா தூக்கிடும்தானே?

தூக்கும். ஆனால் என்ன விலை கொடுத்துத் தூக்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம், பின்னால் வரும் பதில்களுக்கும் இதே கணக்குத்தான். பின் ஸ்பிரிங், கண்ணுக்குக் கண் 1200 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 7 மி.மீ. தடிப்பில் ஐந்து பட்டை. இந்தக் கட்டை 1 மி.மீ. அமுக்க ஏறத்தாழ 3.3 கிலோ பாரம் வேண்டும். ஒரு பக்க ஸ்பிரிங்கின் மேல் 400 கிலோ உட்கார்ந்தால் அது 120 மி.மீ. அமுங்கும். கழற்றி வைக்கும்போது 170 மி.மீ. வளைவு (கண்ணுக்குக் கண் இழுத்த கோட்டிலிருந்து நடுப்பகுதி விலகி நிற்கும் அளவு) இருந்தால், வண்டியில் மாட்டியபின் 50 மி.மீ. மிஞ்சும்.

அதே தடிப்பில் இரண்டு பட்டையைச் சரியாகச் சேர்த்தால் கட்டு 40 சதவீதம் விறைக்கும். அமுங்குவது 120க்குப் பதில் 86 மி.மீ. ஆகும். ஆக, கிடைத்த உயரம் 34 மி.மீ. அதற்காகக் கட்டை 40 சதவீதம் விறைப்பாக்கினோம். 50 மி.மீ. முழுவதையும் விறைப்பால் மட்டும் எடுக்கப் போனால் ஸ்பிரிங் 70 சதவீதம் விறைக்கும். டயகமப் பக்கம் கல் ரோட்டில் அப்படி ஒரு வண்டியில் பாரம் இல்லாமல் போனால் பின்சக்கரம் தரையில் நிற்காது, துள்ளிக்கொண்டே போகும். சக்கரம் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை.

அதே ஐந்து பட்டையை வளைவு மட்டும் கூட்டி, 170க்குப் பதில் 220 மி.மீ. வளைவில் செய்தால் விறைப்பு மாறாமலே 50 மி.மீ. உயரம் வரும். உயரத்தை வளைவில் எடுங்கள், விறைப்பைப் பாரத்துக்கு ஏற்றபடி வையுங்கள். நான் சொல்ல வருவது முழுக்க இதுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைச் செய்யும்போது கிளம்புகிற சிக்கல்களைப் பற்றியவை.

அப்ப பட்டை மொத்தமா இருக்கணுமா, மெல்லிசா இருக்கணுமா?

முடிந்தவரை மெல்லிசாக, எண்ணிக்கை கூட. பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 6 மி.மீ. பட்டைக்கு 6×6×6 = 216 என்றால் 7 மி.மீ. பட்டைக்கு 343, 8 மி.மீ. பட்டைக்கு 512. ஒரே ஒரு மி.மீ. கூடினால் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ விறைப்பு ஏறுகிறது. கடையில் “கொஞ்சம் மொத்தம்தான், பரவாயில்லை” என்று கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். வேர்னியர் வைத்து அளந்து பாருங்கள்.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைக்கிறது. 7 மி.மீ. பட்டை ஐந்து சேர்ந்தால் 1715. 6 மி.மீ. பட்டை எட்டு சேர்ந்தால் 1728. விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒரே அளவு வளையும்போது மெல்லிய பட்டையின் மேற்பரப்பில் வரும் இழுவிசை ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் அது அதிக தூரம் ஏறி இறங்கும், சீக்கிரம் தளராது, உடையாது. நீளமும் அப்படித்தான், இடம் இருந்தால் நீளமான ஸ்பிரிங் எப்போதும் நல்லது.

ஒரு சின்ன விஷயம் பலர் விட்டுவிடுகிறார்கள். எட்டுப் பட்டைக் கட்டின் மொத்தத் தடிப்பு 48 மி.மீ., ஐந்து பட்டைக் கட்டு 35 மி.மீ. ஸ்பிரிங் எக்சலுக்கு மேலே உட்காரும் வண்டிகளில் இந்த 13 மி.மீ.யும் உயரமாகச் சேர்ந்துவிடும். வளைவில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் எக்சலுக்குக் கீழே தொங்கும் வண்டிகளில் மெயின் பட்டை எக்சலை ஒட்டியே இருக்கும், கூடும் தடிப்பு அதற்குக் கீழேதான் போகும், அதனால் உயரம் மாறாது.

இந்த 400 கிலோன்னு சொல்றீங்களே, என் வண்டி பாரம் எனக்கு எப்படித் தெரியும்?

நிறுத்துப் பாருங்கள். வேறு வழியில்லை. பழைய இரும்புக் கடைகளில் வாகனம் நிறுக்கும் தராசு இருக்கும். முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுங்கள், அப்புறம் பின் சக்கரங்களை மட்டும். வழக்கமாக வண்டியில் எது இருக்குமோ அது எல்லாம் இருக்கட்டும்: வின்ச், ஸ்பெயார் டயர், டூல்ஸ் பெட்டி, நிறைந்த டேங்க், ஓட்டுகிற ஆள்.

பின் எக்சலில் 1000 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எக்சல், டிஃப், சக்கரங்கள் ஒரு 200 கிலோ இருக்கும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் ஸ்பிரிங் அதைச் சுமப்பதில்லை. மிச்சம் 800, பக்கத்துக்கு 400. மேலே உதாரணத்தில் இருந்த எண் இப்படி வந்ததுதான். முன்பக்கமும் அதே முறை. பாரம் தெரியாமல் ஸ்பிரிங் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது இன்னொருவர் வண்டிக்குக் கட்டிய ஸ்பிரிங்.

எத்தன இஞ்சி வரைக்கும் தூக்கலாம்?

தோட்ட ரோட்டுக்கும், கலுபஹனயிலிருந்து உடவேரிய வழியாக ஒஹியவுக்கு ஏறுகிற மாதிரியான பாதைக்கும் 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. தாராளம். அதுவரை பிரேக் ஹோஸ், ஷொக் (ஷொக் எப்சோபர்), சிறு கோணத் திருத்தம் இவற்றோடு வேலை முடியும். 3 அங்குலத்தில் ஷாஃப்ட்டும் ஸ்டேரிங்கும் முறைக்கத் தொடங்கும். 4 அங்குலம் வேண்டும் என்றால் அது ஸ்பிரிங் வேலை அல்ல, வண்டியையே மாற்றி அமைக்கிற வேலை. மலை ரோட்டில் தினமும் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றிப் போகிற வண்டிக்கு அதை நான் செய்து கொடுப்பதில்லை.

பழைய லொறிப் பட்டை மலிவா கெடைக்குது. வெட்டிப் போட்டுக்கலாமா?

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய பட்டைகள் குவிந்து கிடக்கின்றன. அந்த இரும்பு நல்ல இரும்புதான். ஜப்பான் வண்டிகளில் வரும் எஸ்யூபி 9, அமெரிக்கக் கணக்கில் 5160, எல்லாம் ஏறத்தாழ 0.6 சதவீதக் கார்பனும் கொஞ்சம் குரோமியமும் மாங்கனீசும் கலந்த ஒரே குடும்பம். பிரச்சினை இரும்பில் இல்லை, அது உழைத்த உழைப்பில் இருக்கிறது. எத்தனை வருடம், எவ்வளவு பாரத்தில் ஓடியது என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் இருக்கலாம். ஆகவே மெயின் பட்டையும் இரண்டாவது பட்டையும் கட்டாயம் புதிது. கீழே போகும் குட்டைப் பட்டைகளுக்கு மட்டும், தேய்த்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சோக்குப் பொடி தூவிப் பார்த்து, எண்ணெய்க் கோடு எங்கும் கசியவில்லை என்றால் பழையதைப் பயன்படுத்தலாம்.

அகலம் ஒத்துப்போக வேண்டும். லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளுக்கு இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. பழைய ஹைலக்ஸ் 60 மி.மீ. லொறிப் பட்டை பெரும்பாலும் இவற்றைவிட அகலமும் தடிப்பும் கூட. மூன்றாவது கேள்வியில் சொன்ன மும்மடிக் கணக்கை மறக்க வேண்டாம். 10 மி.மீ. லொறிப் பட்டை ஒன்று, 6 மி.மீ. பட்டை நான்கைவிட விறைப்பு.

வெட்டும்போது கேஸ் வெட்டு வேண்டாம். கிரைண்டர் தட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, சூடேறாமல் வெட்டுங்கள். முனையை வட்டமாக்கி, கூர் ஓரங்களை அரம் போட்டு மழுக்குங்கள். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தால் வெடிப்பு அங்கேதான் பிறக்கும். ஸ்பிரிங் பட்டையில் எந்தக் காரணத்துக்கும் வெல்டிங் வைக்கக் கூடாது.

எங்க தோட்டத்துப் பக்கம் கம்மாலை இருக்கு. உலையில காய்ச்சி வளைச்சுத் தர்றாங்க. அது நல்லதா?

கத்தியும் முள்ளும் அடிக்கிற கை நல்ல கைதான். ஆனால் ஸ்பிரிங்குக்குத் தேவை ஒரே சீரான சூடு. ஒன்றேகால் மீட்டர் பட்டை முழுவதையும் ஒரே நேரத்தில் 850 பாகை அளவுக்குச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 450லிருந்து 500 பாகைக்குள் மறுபடி வைத்துப் பதம் பண்ண வேண்டும். நடுவில் மட்டும் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஒரு மாதத்தில் வண்டி பழைய உயரத்துக்கு இறங்கிவிடும். தண்ணீரில் தோய்த்தால் இன்னும் மோசம். இந்த வகை இரும்பு எண்ணெய்க்கு உரியது, தண்ணீரில் வெடித்துப்போகும். கேஸ் டோர்ச் வைத்துக் காய்ச்சுவதும் இதே கதைதான்.

பதம் பண்ணும் உலை உள்ள ஸ்பிரிங் பட்டறையில் புதுப் பட்டை செய்விப்பது முதல் தெரிவு. இரண்டாவது, சூடே காட்டாமல் பிரெஸ்ஸில் வளைப்பது. நான்கைந்து செ.மீ. இடைவெளியில் ஒவ்வோர் இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் பலமாக அமுக்கினால் வளைவு வராது, முறிவு போல ஒரு மூலைதான் வரும். நல்ல பதத்தில் இருக்கும் பட்டைக்கு இது சரிவரும். ஏற்கெனவே தளர்ந்த பழைய பட்டையை இப்படி வளைத்தால் மறுபடி தளரும், அதில் காசைப் போட வேண்டாம்.

பட்டை எல்லாம் ரெடி. அடுக்கும்போது எதப் பாக்கணும்?

இதுதான் கட்டு நன்றாக அமைவதும் கெடுவதும் முடிவாகிற இடம். போல்ட் போடாமல் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். கீழே உள்ள பட்டை, மேலே உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் இரண்டு முனைகள் மட்டும் தொட்டு, நடுவில் சில மி.மீ. வெளிச்சம் தெரியும். நடு போல்ட்டை இறுக்கும்போது அந்த இடைவெளி மூடும், கீழ்ப் பட்டை மேல் பட்டையை ஏந்திக்கொள்ளும். மெயின் பட்டைக்கு வரும் பாரம் இப்படித்தான் பகிரப்படுகிறது. வெளிச்சமே தெரியாவிட்டால் கீழ்ப் பட்டை சும்மா கிடக்கும். விரல் நுழையும் அளவுக்குத் தெரிந்தால் குட்டைப் பட்டை எல்லாப் பாரத்தையும் தானே எடுத்து முதலில் உடையும். எல்லாப் பட்டைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீளம் படிப்படியாகக் குறைய வேண்டும். மெயின் பட்டைக்கு அடுத்து திடீரென்று பாதி நீளப் பட்டை வந்தால், அந்தப் பாதிப் பட்டை முடிகிற இடத்தில் மெயின் பட்டை உடையும். உடைந்த பட்டைகளை எடுத்து வைத்துப் பாருங்கள், முறிவு பெரும்பாலும் கீழ்ப் பட்டையின் முனைக்கு நேரே இருக்கும்.

இரண்டாவது பட்டையின் முனை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றித் தளர்வாக வளைந்திருக்கட்டும். பட்டாளத்து வண்டிகளில் இருக்கிற முறை இது. கண் உடைந்தாலும் எக்சல் அந்த இரண்டாவது பட்டையில் தங்கி நிற்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்று போகிற ரோட்டில் மெயின் பட்டையின் கண் உடைந்தால் எக்சல் ஒரு பக்கமாக விலகி, வண்டி தானாகத் திரும்பும். இந்தச் சுற்று இல்லாத கட்டை நான் எந்த வண்டிக்கும் மாட்டச் சொல்ல மாட்டேன். சுற்றுக்கும் கண்ணுக்கும் இடையில் இடம் விட வேண்டும், இறுக்கிப் பிடித்தால் பட்டை நீள வழியில்லாமல் போகும்.

பட்டைகளைச் சுற்றிப் பிடிக்கும் கிளிப்பும் அப்படியே. கிளிப் போல்ட்டுக்குள் ஒரு குழாய்த் துண்டு போட்டு, பட்டைகள் வழுக்கி ஓட இடம் விடுங்கள். சுத்தியலால் அடித்து நெரித்த கிளிப், எட்டுப் பட்டையையும் ஒரே மொத்தப் பட்டையாக மாற்றிவிடும்.

நடு போல்ட் அடிக்கடி உடையுது. ஹை டென்சில் போட்டும் உடையுது. என்ன காரணம்?

யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. நடு போல்ட்டின் வேலை பட்டைகளைச் சேர்த்து வைப்பதும், எக்சலில் சரியான இடத்தைக் காட்டுவதும் மட்டுமே. எக்சலைப் பிடித்து வைப்பது யூ போல்ட்டின் இறுக்கம். அது தளர்ந்தால் எக்சல் முன்னும் பின்னும் அசைந்து நடு போல்ட்டை வெட்டிவிடும். கட்டுக்கும் எக்சல் தட்டுக்கும் இடையில் செங்கல் பொடி மாதிரி துரு வழிந்திருந்தால் அசைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி போடக் கூடாது. கட்டின் தடிப்பு மாறினால் நீளமும் மாறும், புதிதாகவே வாங்குங்கள். வண்டியை நிலத்தில் இறக்கி, பாரம் ஸ்பிரிங்கில் உட்கார்ந்தபின், நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி, அப்புறம் ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸியோடு இணைத்து ஆடவிடும் தகடுதான் ஷெக்கிள், அதன் போல்ட்டும் வண்டி நிலத்தில் நிற்கும்போதுதான் இறுக்கப்பட வேண்டும். ஜெக்கில் தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிக் கிழியும்.

இவ்வளவு வேலைக்கு, எக்சல் மேல இரும்புக் கட்டை வச்சோ நீட்டு ஷெக்கிள் போட்டோ தூக்கிட்டா சுலபமா இருக்கே?

பின்பக்கம் எக்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஓர் அங்குல இரும்புக் கட்டை வைப்பது ஏற்கலாம். முன்பக்கம் ஒருபோதும் வேண்டாம். பிரேக் பிடிக்கும்போதும் திருப்பும்போதும் வரும் முறுக்கில் முன் கட்டை நழுவினால் ஸ்டேரிங் கையை விட்டுப் போகும். பின்னால்கூடக் கட்டை உயர உயர எக்சல் ஸ்பிரிங்கை நெம்புவது கூடும். மரக்கட்டை, அலுமினியக் கட்டை, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கட்டை எதுவும் ஆகாது.

ஷெக்கிளை 50 மி.மீ. நீட்டினால் வண்டி பாதிதான், 25 மி.மீ.தான் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. அதோடு எக்சலும் சுழன்றுவிடும். ஆனால் புதுக் கட்டுக்கு ஷெக்கிளின் சாய்வைப் பார்க்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. நம் உதாரணத்தில் வண்டி நிற்கும்போது வளைவு 50லிருந்து 100 மி.மீ. ஆகிறது. வளைவு கூடினால் கண்ணுக்குக் கண் தூரம் குறையும், இங்கே சுமார் 17 மி.மீ. அந்த அளவுக்கு ஷெக்கிள் உள்பக்கம் இழுபடும். நின்ற நிலையில் ஷெக்கிள் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாகவோ உள்ளே சாய்ந்தோ இருந்தால், பட்டையை 17 மி.மீ. நீளமாகச் செய்வதுதான் சரியான தீர்வு.

தூக்கினதுக்கு அப்புறம் அறுபதுல போறப்ப கீழ இருந்து அதிருது. ஷாஃப்ட் போயிடுச்சா?

இன்னும் போயிருக்காது, கோணம் போயிருக்கும். கியர்பெட்டிப் பக்கமிருந்து எக்சலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், இரண்டு யூனிவர்சல் ஜொயின்ட் உள்ள புரொப்பெலர் ஷாஃப்ட்டில், ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து வெளியே வரும் முகமும் டிஃப் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் கியர்) முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டிலும் கோணமானி வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எக்சல் தட்டுக்கும் கட்டுக்கும் இடையில் இரும்பு ஆப்புத் தட்டு வைத்துத் திருத்தலாம். பினியனை ஒன்று இரண்டு பாகை கீழ் நோக்கி வையுங்கள், இழுக்கும்போது அது தானே மேலே எழும்.

முதல் கியரில் ஏற்றத்தில் மட்டும் ‘டக் டக்’ என்று அடித்தால் அது வேறு நோய். மிருதுவான, வளைவு கூடிய கட்டில் எக்சல் தன்னையே முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவத்துக்கு வளைக்கிறது. இரண்டாவது, மூன்றாவது பட்டைகளின் முன்பாதி நீளமாக இருந்தால் இது பெருமளவு அடங்கும். அடங்காவிட்டால் எக்சலிலிருந்து சேஸிக்கு ஒரு தடுப்புக் கம்பி வேண்டும்.

ஸ்டேரிங் ரொம்ப லேசாயிடுச்சு. நேர் ரோட்டுல அலையுது.

முன் எக்சல் சுழன்று காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பின்சாய்வு, குறைந்திருக்கிறது. முன் ஸ்பிரிங்கின் ஷெக்கிள் முன்பக்கம் இருக்கும் வண்டிகளில், நீட்டு ஷெக்கிள் போட்டால் இது நிச்சயம் நடக்கும். முந்திய பதிலில் சொன்ன அதே ஆப்புத் தட்டை முன்னாலும் வைத்து, கிங்பின்னின் மேல்முனை பின்னே சாயும்படி திருத்தலாம். முன் ஷாஃப்ட்டின் கோணம் அதனால் கெடாதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் உயரத்தைக் குறைப்பதுதான் வழி.

பிரேக் பழைய மாதிரி இல்லையே? மிதிச்சா மூக்கு மட்டும் குத்துது.

பல கெப் வண்டிகளில் பின் எக்சலிலிருந்து ஒரு கம்பி, சேஸியில் உள்ள வால்வுக்குப் போகும். பின்பக்கம் பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் வண்டியைத் தூக்கியதும் அந்த வால்வு ‘பின்னால் பாரமே இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கை அடக்கிவிடுகிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளை வரை இறங்கும் ரோட்டில் முன் பிரேக் மட்டும் எல்லாவற்றையும் தாங்கினால் சூடேறி, பாதி வழியில் பிரேக் மங்கும். வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு உயரத்துக்குக் கம்பியின் பிராக்கட்டைத் தூக்குங்கள். கம்பியைக் கழற்றி விடுவது தீர்வு அல்ல.

பிரேக் ஹோஸையும் பாருங்கள். சேஸியை ஜெக்கில் ஏற்றி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸில் தளர்வு மிஞ்ச வேண்டும். அதே நேரத்தில் ஷொக் முழுதாக நீண்டு எக்சலைத் தாங்கித் தொங்கவிடுகிறதா என்றும் பாருங்கள். தாங்கினால் ஷொக் குட்டை.

பட்டைக்கு நடுவுல கிரீஸ் போடலாமா?

வெறும் கிரீஸ் வேண்டாம். தோட்ட மண் அதில் ஒட்டி, அரம் போல் பட்டையைத் தேய்க்கும். அடுக்கும்போது கிராஃபைட் கலந்த பூச்சை மெல்லியதாகத் தடவுங்கள், அல்லது முனைகளில் பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். மஸ்கெலியா, கினிகத்தேன மாதிரி மே முதல் செப்டம்பர் வரை மழை விடாத இடங்களில் பட்டைக்கு நடுவே துரு பிடித்து வீங்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துருவைச் சுரண்டிப் பூசுவது நல்லது.

தூக்கினா வண்டி கவிழுமா?

கவிழும் கோணம் குறையும். சக்கரத்துக்குச் சக்கரம் 1450 மி.மீ. அகலமும், எடை மையம் 700 மி.மீ. உயரத்திலும் இருந்தால், கணக்கின்படி 46 பாகைப் பக்கச் சாய்வில் கவிழும். ஸ்பிரிங்கும் டயருமாக மையம் 75 மி.மீ. உயர்ந்தால் அது 43 பாகை. ஓடும் வண்டியில் ஸ்பிரிங் சாய்வதாலும் சக்கரம் குழியில் விழுவதாலும் உண்மையான எல்லை இதைவிட மிகக் கீழே. கூரை மேல் கெரியர் போட்டு டயரும் கேஸ் சிலிண்டரும் ஏற்றுகிறவர்கள் அதை இறக்கிக் கீழே வையுங்கள்.

சட்டத்துல இதுக்கு இடம் இருக்கா?

பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம். வேலை தொடங்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பனிக்கும் எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் முதலில் தோண்டப்படுவது இதுதான். நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள், வண்டி எவ்வளவு ஏறினாலும், ரோட்டை விட்டு இறக்கக் கூடாது.

ஒரு நாளைக்குக் கொழுந்து ஏத்துறேன், மறுநா வெறும் வண்டி. ரெண்டுக்கும் ஒரே கட்டு எப்படி?

கடினமான கேள்வி இதுதான். 500 கிலோ கொழுந்து பின்னால் ஏறினால் பக்கத்துக்கு 250 கிலோ. நம் கட்டில் அது 75 மி.மீ. கீழே இறக்கும், தூக்கிய உயரம் முழுவதும் போய் அதற்கு மேலும் போகும். அதற்காகக் கட்டையே விறைப்பாக்கினால் இரண்டாவது பதிலில் சொன்ன துள்ளல் வரும்.

வழி, கீழே ஒரு தட்டையான மொத்தப் பட்டை, சும்மா இருக்கும்போது மற்றப் பட்டைகளைத் தொடாமல். வெறும் வண்டியில் அதன் முனைக்கும் மேல் பட்டைக்கும் 30, 40 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். பாரம் ஏறி அந்த இடைவெளி மூடியதும் அது தொட்டு மிச்சத்தை ஏந்தும். அந்தப் பட்டையை வளைத்து மற்றவற்றோடு ஒட்ட வைத்துவிடாதீர்கள், பலர் செய்வது அதைத்தான். அப்படிச் செய்தால் அது எல்லா நேரமும் வேலை செய்து, வெறும் வண்டியையும் துள்ள வைக்கும்.

புதுக் கட்டு மாட்டினேன். கணக்குல 50 சொன்னீங்க, 65 நிக்குது. ஒரு பட்டையக் கழட்டிடவா?

கழற்றாதீர்கள். புது ஸ்பிரிங் ஆரம்பத்தில் கொஞ்சம் உயரமாக நின்று பிறகு படியும். பட்டறையில் பிரெஸ்ஸில் வைத்து, வேலை செய்யும்போது அமுங்குவதைவிடக் கூடுதலாகச் சில தடவை அமுக்கி எடுத்திருந்தால் இந்தப் படிவு அங்கேயே முடிந்திருக்கும். செய்யவில்லை என்றால் ரோட்டில் நடக்கும். சில நூறு கிலோமீட்டர், கொஞ்சம் பாரத்தோடும் ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள்.

அப்போதும் கூட நின்றால் முதலில் பாரத்தைச் சரிபாருங்கள். நிறுக்கும்போது இருந்த வின்ச்சோ ஸ்பெயார் டயரோ இப்போது வண்டியில் இல்லாமல் இருக்கலாம். கட்டின் தடிப்பைக் கழித்தோமா என்றும் பாருங்கள், மூன்றாவது பதிலில் சொன்ன 13 மி.மீ. இங்கேதான் வந்து நிற்கும். இரண்டும் சரி என்றால் கட்டைக் கழற்றி, எல்லாப் பட்டையின் வளைவையும் ஒரே அளவில் பிரெஸ்ஸில் குறைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டுநர் பக்கமாகத் தாழ்ந்து நின்றால், அந்தப் பக்கக் கட்டுக்கு 5 முதல் 8 மி.மீ. வளைவு கூட்டி, எந்தக் கட்டு எந்தப் பக்கம் என்று பட்டையில் பெயிண்டால் எழுதி விடுங்கள்.